கலெக்டர் உட்கார்ந்த நாற்காலி

தண்டலத்தில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

ஊருக்கு அருகே லாரிகள் விரையும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்பேட்டை அமைத்த சிப்காட், மாநில அரசின் நிறுவனம். ஆனால், தெருவிளக்குக்காக நீங்கள் டில்லிக்கோ கோட்டைக்கோ கடிதம் எழுத வேண்டியதில்லை. அது ஊராட்சியின் வேலை. குடிநீர்க் குழாயும் குப்பையும் அப்படித்தான். ஊராட்சித் தலைவரை உங்கள் அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் உங்கள் அடுத்த தெருவில் குடியிருப்பவராகக்கூட இருக்கலாம்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் நிலைமையே வேறு. அப்போது இந்தப் பகுதி செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. 1871-ல் வந்த சட்டப்படி, சாலைக்கும் பள்ளிக்கும் என்று நிலத்தின் மீது தனி வரி போட்டார்கள். அந்தப் பணத்தைச் செலவிட ஒரு குழு உண்டு. குழுவின் தலைவர் யார் தெரியுமா? கலெக்டர்! உறுப்பினர்களை நியமிப்பது அரசாங்கம். பக்கத்தில் காஞ்சிபுரம் 1866-லேயே நகராட்சி ஆகிவிட்டது. அங்கும் அதிகாரிகளின் கைதான் ஓங்கியிருந்தது. மாட்டு வண்டி குழியில் இறங்கி அச்சு முறிந்தால், வண்டிக்காரர் வரி கட்டியிருக்கலாம். ஆனால், அந்தக் குழியை எப்போது மூடுவது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இந்த ஏற்பாடு சரியில்லை என்று சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். அதுவும் சாதாரண வெள்ளைக்காரர் அல்ல. இந்தியாவையே ஆண்ட வைசிராய்! அவர்தான் ரிப்பன் பிரபு. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ரிப்பன் மாளிகை, அது இவர் பெயரைத் தாங்கியதுதான்.

பிறந்த வீடே பெரிய வீடு

இவரது முழுப்பெயர் ஜார்ஜ் ஃபிரடெரிக் சாமுவேல் ராபின்சன். 1827-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் தேதி லண்டனில் பிறந்தார். எந்த வீட்டில் தெரியுமா? டவுனிங் தெரு, 10-ம் எண் வீட்டில். ஆமாம், பிரிட்டிஷ் பிரதமரின் வீடேதான்! அப்போது அவருடைய அப்பா காட்ரிச் பிரபு பிரதமராக இருந்தார். ஆனால், பாவம், அப்பாவின் பதவி ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை. பிரதமராக ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்துவிட்டார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் வீடு காலி!

ஜார்ஜ் பள்ளிக்கூடம் போனதே இல்லை. கல்லூரிக்கும் போகவில்லை. வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஆச்சரியம். இளைஞரானதும், தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட கிறிஸ்தவ சோஷலிஸ்டுகள் என்ற குழுவினரோடு சேர்ந்தார். 1852-ல் இயந்திரத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைப்பு செய்தபோது, தொழிலாளர்கள் பக்கம் நின்று பண உதவியும் செய்தார்.

அதே ஆண்டு ஒரு சிறு நூலையும் எழுதினார். ஆட்சியில் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் படித்த நண்பர்களே திடுக்கிட்டுப் போனார்கள். இது ரொம்பவும் அதிகம் என்று வெளியே விடாமல் நிறுத்திவிட்டார்கள்! அப்போது அவருக்கு வயது 24.

தேர்தலில் நின்றார். ஹல் என்ற துறைமுக நகரில் ஜெயித்தும் விட்டார். ஆனால், அவருக்காக வேலை செய்த ஆட்கள் முறைகேடு செய்தார்கள் என்று வெற்றி செல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு வேறு தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனார். 1859-ல் அப்பாவும், சில மாதங்களில் பெரியப்பாவும் இறந்தபோது இருவரின் பிரபுப் பட்டங்களும் இவருக்கே வந்து சேர்ந்தன. அதன்பின் யுத்த மந்திரி, கொஞ்ச காலம் இந்தியா மந்திரி என்று வரிசையாகப் பதவிகள்.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1870-ல் இங்கிலாந்தில் புகழ்பெற்ற கல்விச் சட்டம் வந்தது. கல்வித்துறை அப்போது ரிப்பனின் மேற்பார்வையில் இருந்தது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளி கட்ட, அந்தந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு பள்ளிக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் ஊர் ஊராகப் பள்ளி வரக் காரணமாக இருந்தது வேடிக்கைதானே!

இங்கிலாந்தின் நகரங்களுக்கு இந்தப் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. 1835-ல் 178 நகரங்களில் வரி கட்டுகிறவர்கள் நகர சபையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். ரிப்பன் இதைப் பார்த்தே வளர்ந்தவர். தன் நாட்டுக்கு நல்லது, இந்தியாவுக்கு மட்டும் கெட்டதா? அவர் மனத்தில் இந்தக் கேள்வி இருந்தது.

1874-ல் அவர் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் பலர் கொதித்துப்போனார்கள். இனி இவருக்கு அரசியலே இல்லை என்று நினைத்தவர்கள் பலர். ஆறு ஆண்டுகள் கழித்துப் பிரதமர் கிளாட்ஸ்டன் இவரை இந்தியாவுக்கே வைசிராயாக அனுப்பினார்!

சிம்லாவில் வந்து இறங்கியபோது

1880 ஜூனில் சிம்லாவில் ரிப்பன் பொறுப்பேற்றார். நாடு நன்றாக இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியிருந்தது. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877-ல், முந்தைய வைசிராய் லிட்டன் டில்லியில் ஆடம்பர தர்பார் நடத்தினார். 1878-ல் தமிழ் போன்ற இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டவும் ஒரு சட்டம் போட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை! ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம் வேறு.

ரிப்பன் யுத்தத்தை முடித்தார். 1882-ல் பத்திரிகைச் சட்டத்தை ரத்து செய்தார். 1881-ல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. ஒரகடம் பக்கம் அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போகிற குழந்தைகள் இதைக் கவனியுங்கள். இயந்திரத்தில் ஓடுகிற, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஆலைகளில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அது. 7 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் வேலை, மாதம் நான்கு நாள் லீவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்பது மணி நேரம் ஆலையில் நிற்பதா என்று நமக்குப் பதறுகிறது. அந்தக் காலத்தில் இதையே அதிகச் சலுகை என்று ஆலை முதலாளிகள் முணுமுணுத்தார்கள்.

நாற்காலிச் சண்டை

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 1882-ம் ஆண்டு மே மாதம் 18-ம் தேதி ரிப்பனின் அரசு ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. ஸ்தல சுயாட்சித் தீர்மானம் என்று அதற்குப் பெயர். ஸ்தலம் என்றால் இடம், ஊர். ஊரை ஊராரே ஆள்வது என்று பொருள். இன்று உள்ளாட்சி என்கிறோம். உங்கள் தாத்தாவைக் கேட்டால் ஸ்தல ஸ்தாபனம், ஜில்லா போர்டு, போர்டு ஸ்கூல் என்றெல்லாம் பழைய சொற்களைச் சொல்வார்.

அந்தத் தீர்மானத்தில் என்ன இருந்தது? நகரங்களில் மட்டும் அல்ல, கிராமப்புறங்களிலும் சிறு சிறு வட்டாரங்களுக்குச் சபைகள் வேண்டும். அவற்றில் அரசு அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முடிந்த இடங்களில் எல்லாம் மற்ற உறுப்பினர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: கூடுமானவரை தலைவர் நாற்காலியில் அதிகாரி உட்காரக் கூடாது.

நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று மாணவர்களே கூடி முடிவு செய்யும்படி சொல்கிறார்கள். கூட்டத்துக்குத் தலைமை ஆசிரியரே தலைவராக உட்கார்ந்து, மாமல்லபுரம் நல்ல இடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால்? வேடந்தாங்கல் போக ஆசைப்பட்டவன் வாய் திறப்பானா? எல்லாக் கைகளும் மாமல்லபுரத்துக்கே உயரும். கலெக்டர் தலைமை வகித்த சபைகளிலும் இதுதான் நடந்தது. அவர் வரி வசூலிப்பவர், மாஜிஸ்டிரேட்டும் அவரே. அவர் முகத்துக்கு எதிரே, அந்தச் சாலை வேண்டாம், இந்தக் குளத்தைத் தூர் வாருங்கள் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அப்படியானால் அரசாங்கம் கண்ணை மூடிக்கொள்வதா? இல்லை. கடன் வாங்க அனுமதி தரலாம், மறுக்கலாம். கணக்கைத் தணிக்கை செய்யலாம். மிக மோசமாக நடக்கும் சபையைச் சில காலம் நிறுத்தியும் வைக்கலாம். ஆனால், இதையெல்லாம் வெளியே நின்று செய்ய வேண்டும். உள்ளே புகுந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது ரிப்பனின் எண்ணம்.

மக்கள் முதலில் தப்பும் தவறுமாகத்தான் செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதிகாரி செய்தால் சாக்கடை இன்னும் சீக்கிரமாக, இன்னும் நேராக அமையலாம். அதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால், சைக்கிளை அண்ணனே ஓட்டிக்கொண்டிருந்தால் தம்பி எப்போது கற்றுக்கொள்வான்? நிர்வாகம் பிரமாதமாக நடப்பதைவிட, மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கப் பழகுவதே பெரிது என்று அவர் நினைத்தார். இந்தியாவை ஆண்ட வேறு எந்த வைசிராயும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? கலெக்டரின் மதிப்புப் போய்விடும் என்றார்கள் அதிகாரிகள். அவரை நாற்காலியிலிருந்து இறக்கக் கூடாது என்று பம்பாய் கவர்னர் பெர்குசன் வாதாடினார். வங்காளத்தில் இச்சபைகளைக் கவனிக்கத் தனி வாரியம் அமைக்கலாம் என்று ஒரு திட்டம் போனது. அதை லண்டனில் இருந்த இந்தியா மந்திரி ஏற்கவில்லை. வைசிராய்க்கு மேலேயும் ஒரு நாற்காலி உண்டே! ரிப்பன் ஊருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று சொன்னார். ஆனால், அதைச் சொல்லவே அவர் லண்டனின் சம்மதத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது.

சண்டை எப்படி முடிந்தது? பாதி வெற்றி. சென்னை மாகாணத்தில் 1884-ல் மூன்று சட்டங்கள் வந்தன. சென்னை நகரசபையில் மொத்தம் 32 உறுப்பினர்கள். அதுவரை 16 பேர் தேர்தலில் வந்தார்கள். புதிய சட்டம் அதை 24 ஆக்கியது. காஞ்சிபுரம் போன்ற நகராட்சிகளுக்கு இன்னொரு சட்டம். மூன்றாவது சட்டம் கிராமப்புறங்களுக்கு. ஜில்லாவுக்கு ஒரு போர்டு, அதன் கீழ் தாலுகா போர்டுகள், அதற்கும் கீழே சில ஊர்களைச் சேர்த்து யூனியன்கள். ஆனால், ஜில்லா போர்டின் தலைவர்? கலெக்டரேதான்! 1920-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பெரும்பாலும் அந்த நாற்காலி கலெக்டர்களிடமே இருந்தது. ஓட்டும் எல்லோருக்கும் இல்லை. குறிப்பிட்ட அளவு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே. குழியில் வண்டி இறங்கிய ஏழை வண்டிக்காரருக்கு இப்போதும் ஓட்டுக் கிடைத்திருக்காது.

வெள்ளைக்காரர்தான் நமக்கு ஊராட்சியையே கற்றுக்கொடுத்தாரா என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் இல்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே கோயில் சுவரில், பராந்தகச் சோழன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கும் நிலமும் வீடும் கல்வியும் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். நடுவில் கம்பெனியாரும் கலெக்டர்களும் வந்தபோதுதான் ஊரின் கையிலிருந்த பல பொறுப்புகள் நழுவிப் போயின.

கோபமும் கும்பிடும்

1883-ல் ரிப்பனுக்குப் பெரிய சோதனை வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற தலைநகரங்களுக்கு வெளியே, வெள்ளைக்காரர் மீதான வழக்கை இந்திய மாஜிஸ்டிரேட் விசாரிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்க, சட்ட உறுப்பினர் இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவ்வளவுதான்! ஐரோப்பியர்கள் கொதித்தெழுந்தார்கள். கூட்டம் போட்டுத் திட்டினார்கள். வைசிராய் வீட்டு விருந்துக்கு வர மறுத்தார்கள். தன் நாட்டுக்காரர்களாலேயே அவ்வளவு வெறுக்கப்பட்ட வைசிராய்கள் மிகக் குறைவு. கடைசியில் 1884 ஜனவரியில் சமரசம் செய்துகொண்டார். வெள்ளைக்காரக் கைதி கேட்டால் பாதிப் பேராவது வெள்ளைக்காரர்களாக உள்ள ஜூரி வைக்கலாம் என்று மசோதா மாறியது. இதில் ரிப்பன் இன்னும் உறுதியாக நின்றிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

1884 டிசம்பரில் அவர் புறப்பட்டார். கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை வழியெல்லாம் மக்கள் கூட்டம்! மாலைகள், வரவேற்பு வளைவுகள், வாழ்த்து மடல்கள். இந்தியர்கள் இப்படித் திரண்டு ஒரு வைசிராயை வழியனுப்பியது அதுவரை நடந்ததில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் அவர் பெயரை அப்பன் என்ற சொல்லோடு எதுகை சேர்த்துச் சொல்லிப் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸ் பிறந்தது. ஒன்றுகூடிக் கேட்டால் பலன் உண்டு என்பதை இல்பர்ட் மசோதாவை எதிர்த்த வெள்ளைக்காரர்களைப் பார்த்தே நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

இங்கிலாந்து திரும்பியபின் ரிப்பன் கடற்படை மந்திரியானார், காலனி மந்திரியானார். அதெல்லாம் பிரபுக்களுக்கு வழக்கமான பதவிகள். எனக்குப் பிடித்தது வேறொன்று. வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ரிப்பன் என்றே ஒரு சின்ன நகரம் இருக்கிறது. அவர் பட்டப்பெயர் அந்த ஊரால் வந்ததுதான். 1895-ல், கோடிக்கணக்கான மக்களை ஆண்டுவிட்டு வந்த அந்த மனிதர், அந்தச் சின்ன ஊருக்கு மேயர் ஆனார்! அப்போது அவருக்கு 68 வயது. அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம். ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு ஒருவர் சந்தைச் சதுக்கத்தில் நின்று பெரிய கொம்பை ஊதுவார். பிறகு மேயரிடம் போய், காவல் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பார். இன்றும் கொம்பு ஊதுகிறார்கள்.

1909 ஜூலை 9-ம் தேதி, 81-வது வயதில் ரிப்பன் பிரபு காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் மாநகராட்சிக்குப் புதிய கட்டிடம் கட்ட வைசிராய் மிண்டோ அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் கட்டி முடித்தார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். 1913-ல் திறந்து ரிப்பன் பெயரை வைத்தார்கள்.

மாளிகை திறந்தபோதும் மாநகராட்சித் தலைவர் அரசு நியமித்த அதிகாரிதான். அந்த நாற்காலிக்கு முதன்முதலாக, அதிகாரி அல்லாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1920-ல். அவர் பெயர் பிட்டி தியாகராயச் செட்டியார். சென்னை தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போயிருப்பீர்களே, அந்தத் தியாகராயர்தான். நாற்காலிக்கு வந்ததும் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார்.